மூன்று சர்வர், மூன்று பதில்: ‘கடைசி லாகின்’ நேரம் ஏன் பொருந்துவதில்லை?

தணிக்கை நெருங்கும்போது பல அலுவலகங்களில் நடக்கும் வேலை இது. 90 நாளாக யாரும் தொடாத கணக்குகளுக்கு ஒரு பட்டியல் எடுத்து, அவற்றை முடக்கிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மாலை முடக்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். திங்கள் காலை ஒருவர் கணினிப் பிரிவுக்குப் போன் போடுகிறார்: “வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் வேலை பார்த்தேன் சார், இன்னைக்கு உள்ளயே விட மாட்டேங்குது.” பட்டியலிலோ அவர் பெயருக்கு நேரே ‘கடைசி லாகின் 94 நாளுக்கு முன்பு’ என்று இருக்கிறது.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அவர் உள்ளே வந்த வாசல் ஒன்று, பட்டியல் எடுத்தவர் விசாரித்த வாசல் வேறு. ‘கடைசியாக எப்போது வந்தார்’ என்பது பார்த்ததும் ஒற்றை விடை உள்ள கேள்வியாகத்தான் தெரிகிறது. ஆனால் சர்வர்கள் ஒன்றுக்கு மேலாகும்போது, எதை வருகை என்கிறோம், யாருடைய கடிகாரத்தில் பார்க்கிறோம், எந்த இடத்தில் எழுதிவைக்கிறோம் என்ற மூன்றையும் முடிவு செய்யாமல் அதற்கு விடையே கிடையாது.

## மூன்று மேசையில் மொய்

ஒரு செயலியைச் சில நூறு பேர் பயன்படுத்தும்வரை ஒரே சர்வர் தாங்கும். கூட்டம் ஏறினால் அதே செயலியை மூன்று, பத்து, ஐம்பது சர்வர்களில் ஓடவிட்டு, முன்னால் லோடு பேலன்சர் ஒன்றை நிறுத்துவார்கள். வருகிறவர்களை எந்த சர்வருக்கு அனுப்புவது என்று முடிவு செய்வது அதன் வேலை. பயனருக்கு இணைய முகவரி ஒன்றுதான். தான் நேற்று முதல் சர்வரிலும் இன்று மூன்றாவதிலும் இருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

பெரிய கல்யாணத்தில் மொய் எழுத மூன்று மேசை போட்டிருப்பார்கள், மேசைக்கு ஒரு நோட்டு. இரண்டாவது மேசை நோட்டை மட்டும் புரட்டிவிட்டு ‘பெரிய மாமா மொய்யே வைக்கவில்லை’ என்று ஒருவர் சொன்னால் சண்டைதான் வரும். அந்த மேசைக்கு அவர் வரவில்லை என்பதுதான் அந்த நோட்டுக்குத் தெரியும். மண்டபத்திலாவது அன்றிரவே உட்கார்ந்து மூன்று நோட்டையும் கூட்டிவிடுவார்கள். சர்வர்கள் தாமாக அப்படிக் கூட்டிக்கொள்வதில்லை. யாராவது அதற்கு ஏற்பாடு செய்து வைத்தால்தான் உண்டு.

## முதலில், எது லாகின்?

ஒரே சொல்லில் மூன்று வெவ்வேறு நிகழ்ச்சிகளைக் குறிக்கிறோம்.

1. அடையாளச் சரிபார்ப்பு: கடவுச்சொல், ஓடிபி, கைரேகை என்று எதையோ காட்டி ‘நான்தான்’ என்று நிறுவும் கணம்.
2. செஷன்: சரிபார்த்த பிறகு சர்வர் கொடுக்கும் சீட்டு. உலாவியில் குக்கீயாகவோ போனில் டோக்கனாகவோ இருக்கும். இது செல்லும்வரை மறுபடி கடவுச்சொல் கேட்காது.
3. கடைசி நடமாட்டம்: அந்தச் சீட்டைக் காட்டி அவர் கடைசியாக ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்த நேரம்.

ஜாங்கோ என்ற இணையதளக் கட்டமைப்பு மென்பொருளில் எழுதிய ஒரு தளத்தைப் பாருங்கள். அதில் பயனர் அட்டவணையில் உள்ள ‘லாஸ்ட் லாகின்’ நிரல் (செங்குத்து வரிசை), மேலே சொன்ன முதல் நிகழ்ச்சி நடக்கும்போது மட்டுமே மாறும். செஷன் குக்கீயின் ஆயுள் இயல்பாக இரண்டு வாரம். ஆகவே தினமும் தளத்துக்கு வந்து போகிறவர் ஒருவருக்கு 13 நாளுக்கு முந்தைய தேதி அங்கே நிற்கலாம். அது பிழை இல்லை, அந்த நிரலுக்கு உள்ள பொருளே அதுதான். போன் செயலிகளில் நிலைமை இன்னும் மோசம். ஒருமுறை உள்ளே போனால், டோக்கன் பின்னணியில் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓடும்.

நிறுவனங்களில் இப்போது பரவலாக உள்ள ஒற்றை உள்நுழைவு முறை, அதாவது எஸ்எஸ்ஓ, இன்னொரு முடிச்சைப் போடுகிறது. காலையில் ஓரிடத்தில் சரிபார்த்துக்கொண்டு அதே சீட்டுடன் சம்பளச் செயலி, விடுப்புச் செயலி, மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் போகிறார். சரிபார்ப்பு நடந்தது ஒருமுறை, நுழைந்தது மூன்று இடம். சம்பளச் செயலியின் பார்வையில் அவர் லாகின் செய்தாரா? கணக்கை முடக்கலாமா என்று முடிவெடுக்க மூன்றாவது நேரம் வேண்டும். திருட்டுத்தனமாக யாரும் நுழைந்தார்களா என்று பார்க்க முதலாவது வேண்டும். இரண்டையும் ஒரே நிரலில் வைத்துக்கொண்டு தடுமாறுகிற இடங்கள்தான் அதிகம்.

## விண்டோஸ் உலகின் பழைய வழக்கு

இந்தச் சிக்கலுக்கு மிகத் தெளிவான உதாரணம் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி. அலுவலகக் கணினிகளில் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் சர்வர்களுக்கு அதில் டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர். தலைமை அலுவலகத்தில் இரண்டு, கிளைக்கு ஒன்று என்று பல இருக்கும். பெயர், துறை, கடவுச்சொல் போன்ற விவரங்களை அவை தங்களுக்குள் பரிமாறிக்கொண்டு ஒரே நிலையில் வைத்திருக்கும். ஆனால் ‘லாஸ்ட்லாகான்’ போன்ற சில விவரங்களைப் பரிமாறிக்கொள்ளாது. ஒருவரை எந்தக் கன்ட்ரோலர் சரிபார்த்ததோ, அது மட்டுமே தன் பிரதியில் குறித்துக்கொள்ளும்.

காரணம் சிக்கனம். ஆயிரக்கணக்கானவர்கள் காலை ஒன்பதரைக்கு உள்ளே வரும்போது, ஒவ்வொரு வருகையையும் ஒவ்வொரு கிளைக்கும் அனுப்பினால் அந்தக் காலத்து மெல்லிய இணைப்புகள் அதிலேயே திணறியிருக்கும்.

ஆகவே ஒரு கன்ட்ரோலரை மட்டும் கேட்டால் பழைய தேதி வரலாம், பூஜ்யமும் வரலாம். பூஜ்யம் வந்தால் வேடிக்கை. விண்டோஸ் நேரத்தை 1601 ஜனவரி 1-லிருந்து 100 நானோ நொடித் துண்டுகளாக எண்ணுகிறது. கிரகோரியன் நாட்காட்டியின் 400 ஆண்டுச் சுற்று ஒன்று அந்த ஆண்டில் தொடங்குவதால் கணக்குக்கு வசதி. எனவே பூஜ்யத்தை இந்திய நேரத்துக்கு மாற்றினால் ‘1601 ஜனவரி 1, காலை 5.30’ என்று அறிக்கையில் அச்சாகும். அக்பர் ஆட்சிக்காலத்தில் ஒருவர் லாகின் செய்ததாகப் பொருள் இல்லை, அந்தக் கன்ட்ரோலருக்கு அவர் வந்ததே இல்லை என்று பொருள். லினக்ஸ் பக்கத்தில் இதே பூஜ்யம் ‘1970 ஜனவரி 1, காலை 5.30’ ஆக வரும்.

இந்தத் தொல்லைக்காக விண்டோஸ் சர்வர் 2003-இல் ‘லாஸ்ட்லாகான்டைம்ஸ்டாம்ப்’ என்ற இன்னொரு விவரம் வந்தது. இது எல்லாக் கன்ட்ரோலர்களுக்கும் போய்ச்சேரும். விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் ‘லாஸ்ட்லாகான்டேட்’ என்று நாம் பார்ப்பதும் இதன் மொழிபெயர்ப்புதான். ஆனால் ஒரு நிபந்தனை. ஏற்கெனவே உள்ள தேதி போதுமான அளவு பழசானால்தான் புதுத் தேதி எழுதப்படும். இயல்பான இடைவெளி 14 நாள். எல்லோருக்கும் ஒரே நாளில் எழுத்து வேலை குவியாதிருக்க, அதிலிருந்து 5 நாள் வரை தற்செயலாகக் குறைத்துக்கொள்ளும். ஆக, 9 முதல் 14 நாள் வரை தேதி பின்தங்கி நிற்கலாம்.

இதிலிருந்து வருகிற விளைவைப் பலர் கவனிப்பதில்லை. ‘90 நாளாக வராதவர்கள்’ என்று கேட்க இந்த விவரம் தாராளமாகப் போதும், இரண்டு வாரப் பிசகை வரம்பில் சேர்த்துக்கொண்டால் சரி. ‘போன வாரம் யார் வரவில்லை’ என்று இதைக் கேட்டால் கிடைப்பது குப்பை. துல்லியம் வேண்டுமென்றால் எல்லாக் கன்ட்ரோலர்களிலும் ‘லாஸ்ட்லாகான்’ வாங்கி, அவற்றில் ஆகப் புதியதை எடுக்க வேண்டும். ஒரு கன்ட்ரோலர் அந்த நேரத்தில் அணைந்திருந்தால் ‘இது முழு விடை இல்லை’ என்று அறிக்கையிலேயே எழுதவும் வேண்டும். இந்தக் கடைசி வரியை எழுதாமல் விடுவதுதான் வெள்ளிக்கிழமை மாலைத் தவறுகளுக்கு வழி.

எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு. ஒரு கோப்புக்கு ஒருவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நிர்வாகி சோதித்துப் பார்க்கும்போது, அந்தப் பயனரின் சார்பாக கெர்பரோஸ் (விண்டோஸ் நெட்வொர்க்கின் அடையாளச் சரிபார்ப்பு முறை) சீட்டு ஒன்று கேட்கப்படலாம். அதனாலேயே அவருடைய ‘லாஸ்ட்லாகான்டைம்ஸ்டாம்ப்’ புதுப்பிக்கப்படும். வேலையை விட்டுப் போய் ஆறு மாதமானவர் நேற்று வந்ததுபோல் பட்டியலில் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

## யாருடைய கடிகாரம்?

சர்வருக்குள் இருப்பது சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலும் ஒரு நாளைக்கு 1.7 நொடி, ஒரு மாதத்தில் ஏறத்தாழ 50 நொடி விலகிவிடும். மூன்று சர்வர்கள் மூன்று பக்கமாக விலகும். விளைவு, ஒருவர் உள்ளே வருவதற்கு முன்பே வெளியே போனதாகப் பதிவு சொல்லும். முதல் சர்வரில் 10.00.40-க்கு லாகின், இரண்டாவதில் 10.00.15-க்கு லாக்அவுட். விசாரணையில் இப்படி ஒரு வரி வந்துவிட்டால் மற்ற வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

இதற்கு மருந்து 1985 முதலே இருக்கிறது. டேவிட் மில்ஸ் உருவாக்கிய என்டிபி என்ற நேர ஒருங்கிணைப்பு முறையில், ஒவ்வொரு சர்வரும் நம்பகமான நேர சர்வரிடம் அடிக்கடி மணி கேட்டு, பதில் வந்துசேர எடுத்த நேரத்தையும் கழித்துக்கொண்டு தன்னைத் திருத்திக்கொள்ளும். உள் நெட்வொர்க்கில் சில மில்லி நொடிக்குள் எல்லாக் கடிகாரங்களையும் கட்டிவைக்கலாம். கெர்பரோஸ் 5 நிமிட விலகலுக்கு மேல் போனால் லாகினையே மறுத்துவிடும் என்பதால், விண்டோஸ் பக்கம் பெரிய பிசகு தானாக வெளியே வந்துவிடும். மற்ற இடங்களில் அது சத்தமில்லாமல் வளரும்.

நேர மண்டலம் தனித் தலைவலி. இந்திய நேரம், உலகப் பொது நேரமான யுடிசியைவிட ஐந்தரை மணி முன்னால். செவ்வாய் அதிகாலை 2 மணிக்கு நடந்த லாகின், யுடிசியில் திங்கள் இரவு 8.30. ஒரு சர்வர் உள்ளூர் நேரத்தில் எழுதி, அடுத்தது யுடிசியில் எழுதினால் நாளே மாறிவிடும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ‘டைம்ஸ்டாம்ப்’ வகை நிரல், நேரத்தை யுடிசியாக மாற்றிச் சேமித்து, படிப்பவரின் மண்டலத்துக்கு ஏற்பத் திருப்பித் தரும். ‘டேட்டைம்’ வகை கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். இரண்டும் கலந்த அட்டவணையில் சரியாக ஐந்தரை மணி இடைவெளி தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

‘எங்கள் ஊரில் நேரம் மாறவே மாறாது, உள்ளூர் நேரமே போதும்’ என்று சொல்கிறவர்கள் இலங்கையை நினைத்துக்கொள்ளலாம். 1996-இல் அங்கே இரண்டு முறை கடிகாரம் மாற்றப்பட்டது. பிறகு சுமார் பத்தாண்டு யுடிசிக்கு 6 மணி முன்னால் ஓடி, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்த ஆண்டுகளின் உள்ளூர் நேரப் பதிவுகளை இன்று ஐந்தரை கழித்துப் படித்தால் அரை மணி தவறு. யுடிசியில் எழுதிவைத்து, திரையில் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக்குவதுதான் வழி.

## எங்கே எழுதுவது?

மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. எனக்கு மூன்றாவதில்தான் நம்பிக்கை.

1. ஒவ்வொரு சர்வரும் தன் லாக் (நடந்ததைப் பதியும்) கோப்பில் எழுதிக்கொள்வது, தேவைப்படும்போது திரட்டுவது. எளிது, ஆனால் லாக் கோப்புகள் சுழற்சியில் அழியும். கன்டெய்னரில், அதாவது தேவைக்கேற்ப உருவாக்கி அழிக்கும் பெட்டகத்தில், ஓடும் சர்வர் என்றால், கூட்டம் குறைந்ததும் சர்வரோடு கோப்பும் போய்விடும்.

2. பொது டேட்டாபேஸில் பயனர் பெயருக்கு நேரே ஒரே நிரல். ஒவ்வொரு வருகையும் முந்தையதை அழித்து எழுதும். கேட்டால் உடனே விடை கிடைக்கும், வரலாறு கிடைக்காது. வங்கித் தளத்தில் ‘உங்கள் கடைசி வருகை’ என்று வருமே, அங்கே சற்றுமுன் செய்த லாகினைக் காட்டினால் யாருக்கும் பயனில்லை. அதற்கு முந்தையது வேண்டும். ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற கட்டமைப்பில் தளம் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் டிவைஸ் நூலகம் இதற்காகவே ‘இப்போதைய வருகை’, ‘கடைசி வருகை’ என இரண்டு நிரல் வைத்திருக்கிறது. பல சர்வர்கள் எழுதும்போது இன்னொரு கவனமும் வேண்டும். 10.05-இன் தகவல் போய்ச்சேர்ந்த பிறகு 10.02-இன் தகவல் தாமதமாக வந்து அதை அழித்துவிடலாம். இருப்பதைவிடப் புதியதாக இருந்தால் மட்டும் எழுது என்ற நிபந்தனை கட்டாயம்.

3. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு வரி, அழிக்காமல் அடுக்கிக்கொண்டே போகும் தனி அட்டவணை. பயனர், யுடிசி நேரம், எந்த சர்வர், எந்த ஐபி முகவரி, எந்த முறையில் சரிபார்ப்பு, வெற்றியா தோல்வியா. ‘கடைசி லாகின்’ இதிலிருந்து கணக்கிட்டு எடுக்கப்படும். நேரத்தைச் செயலி சர்வர் போடாமல் டேட்டாபேஸ் போட்டால் கடிகாரச் சண்டையில் பாதி அப்போதே தீர்ந்துவிடும். சர்வர் சொன்ன நேரத்தையும் பக்கத்தில் வைத்திருந்தால், எந்தக் கடிகாரம் ஓடிப்போகிறது என்பதும் தெரியும்.

நடமாட்டத்தையும் இப்படி ஒவ்வொன்றாக எழுதலாமா என்றால், கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 10,000 பேர் ஐந்து நொடிக்கு ஒரு வேண்டுகோள் அனுப்பினால், நொடிக்கு 2,000 எழுத்து. ஒருவருக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் என்று வைத்தால் அது 33 ஆகக் குறைகிறது. மைக்ரோசாஃப்ட் 14 நாள் என்று வைத்ததும் இதே பேரம்தான், அளவு மட்டும் வேறு.

ஐபி முகவரியில் ஒரு எச்சரிக்கை. லோடு பேலன்சருக்குப் பின்னால் நிற்கும் சர்வருக்கு, பல அமைப்புகளில், வருகிறவர் எல்லோரும் பேலன்சரின் முகவரியிலிருந்தே வருவதுபோல் தெரியும். உண்மையான முகவரியை ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்’ என்ற தலைப்பு வரியில் பேலன்சர் அனுப்பும். ஆனால் அந்த வரியைப் பயனரே பொய்யாக எழுதியும் அனுப்பலாம். நம் பேலன்சர் சேர்த்த பகுதியை மட்டுமே நம்ப வேண்டும்.

படிப்பதற்காக வைத்திருக்கும் டேட்டாபேஸ் பிரதிகள் மூலத்தைவிடச் சில நொடிகளோ, நெரிசலில் சில நிமிடங்களோ பின்தங்கி ஓடும் என்பதையும் மறக்கக்கூடாது. கணக்கை முடக்கும் முடிவை மூலத்தைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

## சட்டம் என்ன கேட்கிறது?

இந்தியாவில் இது வசதி சார்ந்த விஷயமாக மட்டும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ், 2022 ஏப்ரல் 28-இல் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் ஓர் உத்தரவு வெளியிட்டது. சேவை வழங்குநர்கள், டேட்டா சென்டர்கள், நிறுவனங்கள், அரசு அமைப்புகள் எல்லோருக்கும் அது பொருந்தும். நம் பேச்சுக்குத் தொடர்புள்ளவை மூன்று.

1. சர்வர் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வருடன், அல்லது அவற்றோடு பொருந்தும் நேர மூலத்துடன் இணைக்க வேண்டும்.
2. கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்.
3. உத்தரவு பட்டியலிடும் சைபர் சம்பவங்களை, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

ஆறு மணி என்பதை நினைத்துப் பாருங்கள். இருபது சர்வர்களின் லாக்கைக் கையால் திரட்டி, ஐந்தரை மணி வித்தியாசங்களைச் சரிசெய்து, யார் எப்போது எதன் வழியாக வந்தார் என்று வரிசைப்படுத்தவே அது போதாது. ஏற்கெனவே ஓரிடத்தில் சேர்ந்திருந்தால்தான் முடியும்.

இன்னொரு ஆசையும் நிர்வாகங்களுக்கு வரும், இந்தப் பதிவையே வருகைப் பதிவேடாக்கிவிடலாமே என்று. காலையில் செஷன் உயிரோடு இருந்ததால் லாகினே செய்யாமல் வேலை பார்த்தவருக்கு அரை நாள் சம்பளம் பிடிப்பதில்தான் அது முடியும். மேலே சொன்ன மூன்று வகை நேரங்களில் எதுவும் ஒருவர் எவ்வளவு நேரம் வேலை செய்தார் என்பதைச் சொல்வதில்லை.

## சரியாக ஓடுகிறதா என்று பார்க்க

ஒரு சோதனைக் கணக்கை உருவாக்கி, லோடு பேலன்சரைத் தாண்டி, ஒவ்வொரு சர்வரிலும் நேரடியாக ஒருமுறை லாகின் செய்யுங்கள். கைக்கடிகாரத்தில் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று சர்வர் என்றால் அட்டவணையில் மூன்று வரி, நீங்கள் வந்த அதே வரிசையில் இருக்க வேண்டும். இரண்டே இருந்தால் ஒரு சர்வர் தன் நோட்டைத் தானே வைத்துக்கொண்டிருக்கிறது. மூன்றும் இருந்து வரிசை மாறியிருந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு ஒரு தவறான கடவுச்சொல்லையும் போட்டு, அதுவும் பதிவாகிறதா என்று பார்த்துவிட்டு, அந்தச் சோதனைக் கணக்கை மறக்காமல் நீக்குங்கள். இல்லையென்றால் அடுத்த தணிக்கையின் 90 நாள் பட்டியலில் அதுதான் முதலில் வந்து நிற்கும்.